நாத்து திடீர்னு தலை சாயுதா? மண்ணுக்குள்ள முதல்லயே காவலுக்கு ஆள் போடுங்க!

மாடித்தோட்டம் வெச்சிருக்கிற எல்லாரும் இதை ஒரு தடவையாவது பார்த்திருப்போம். நேத்து சாயங்காலம் வரை நிமிர்ந்து நின்ன தக்காளி நாத்து, இன்னிக்குக் காலையில தண்டோட அடி அழுகி, சாய்ஞ்சு கிடக்கும். தண்ணி பத்தலைபோலன்னு இன்னொரு மக் ஊத்துவோம். அங்கதான் தப்பு பண்றோம்.

இதுக்குப் பேர் நாற்றழுகல் நோய். பித்தியம், ரைசோக்டோனியா மாதிரி மண்ணுல இருக்கிற கிருமிகள்தான் காரணம். ஈரம் தேங்கினா அதுங்களுக்குக் கொண்டாட்டம்.

இதைத் தடுக்கிறதுக்கு நல்லது செய்யுற ஒரு பூஞ்சையையே மண்ணுல விடுறாங்க. பேர் டிரைக்கோடெர்மா. இது ரைசோக்டோனியாவைத் தாக்குவதை 1932-லேயே ரிச்சர்ட் வைண்ட்லிங் என்ற ஆராய்ச்சியாளர் பதிவு செய்திருக்கிறார். எதிரியோட இழை மேல கொடி மாதிரி சுத்திக்கிட்டு, அதன் சுவரைக் கரைக்கும் நொதிகளைச் சுரக்கும். அந்தச் சுவர்ல இருக்கிறது கைட்டின், அதாவது இறால் ஓட்டுல இருக்கிற அதே சரக்கு. சுவர் கரைஞ்சதும் உள்ளே இருக்கிறது இதுக்குச் சாப்பாடு. கொஞ்சம் கொடூரம்தான்!

இன்னொரு ஆள் சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸ் என்ற பாக்டீரியா. பந்திக்கு முந்துற ரகம். வேரைச் சுத்தி இருக்கிற கொஞ்சநஞ்ச இரும்புச்சத்தையும் பிடிச்சு இழுக்கிற ஒரு பொருளைச் சுரக்கும். இரும்பு கிடைக்காத நோய்க்கிருமி வளர முடியாம திணறும். புறஊதா ஒளியில அந்தப் பொருள் மஞ்சள்பச்சையா ஒளிரும். பேர்ல 'ஃப்ளோரசன்ஸ்' வந்தது அதனாலதான்.

ஆனா இது ரெண்டுமே சாய்ஞ்ச நாத்தை எழுப்பாது. பஸ் சீட்ல முதல்லயே துண்டு போடுற கதைதான். நோய்க்கிருமி வர்றதுக்கு முன்னாடி வேர்ப்பகுதியில இவங்க இடம் பிடிச்சிருக்கணும். அதனாலதான் விதைக்கும்போதே கலக்கச் சொல்றாங்க. ஒரு கிலோ விதைக்கு டிரைக்கோடெர்மா விரிடின்னா 4 கிராம், சூடோமோனாஸ்னா 10 கிராம். வயல்னா எக்டருக்கு 2.5 கிலோ பொடியை 50 கிலோ மக்கிய தொழு உரத்தோட கலந்து தூவணும். நம்ம வீட்டு விதை பாக்கெட்டுக்கு ஒரு சிட்டிகை போதும். தொட்டிமண்ணுக்கும் சும்மா தூவாம, மக்கின உரத்தோடதான் கலக்கணும். அதுதான் இவங்களுக்குத் தங்க வீடு.

நான் பண்ணின கூத்தையும் சொல்லிடறேன். டிரைக்கோடெர்மா போட்ட மறுநாளே, எதுக்கும் இருக்கட்டும்னு ரசாயனப் பூஞ்சைக்கொல்லியையும் ஊத்திட்டேன். டிரைக்கோடெர்மாவும் பூஞ்சைதானே! காவல்காரனையும் சேர்த்துக் கொன்னாச்சு.

தொட்டியோட வடிகால் ஓட்டை அடைச்சிருந்தா எந்த நுண்ணுயிரும் காப்பாத்தாது. முதல்ல அதைக் குத்தி விடுங்க. வாங்கும்போது தயாரிப்புத் தேதியைப் பாருங்க. பாக்கெட்டுக்குள்ள இருக்கிறது உயிருள்ள சமாசாரம், மாசம் போகப் போக வீரியம் குறையும். வெயில் படுற ஜன்னல் ஓரத்துலயும் வைக்காதீங்க.