கப்பலேறிய முத்துசாமி

என் தாத்தா பெயர் முத்துசாமி. அப்பாவின் இனிஷியலில் 'மு' என்று இருந்தார். என் பெயரில் இல்லை. தமிழ்நாட்டிலும் எங்கள் காரைக்காலிலும் தாத்தாக்கள் இப்படித்தான் காகிதத்திலிருந்து நழுவிவிடுகிறார்கள். கரீபியக் கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான குவாதலூப்பிலோ ஒரு முத்துசாமி பேரன், கொள்ளுப்பேரன் தாண்டியும் நிற்கிறார்.

1848இல் பிரான்ஸ் அடிமைமுறையை ஒழித்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் கிடைக்கவில்லை. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஒப்பந்தக் கூலிகளாக ஆள் பிடித்துக் கப்பலேற்றினார்கள். 'ஒரேலி' என்ற முதல் கப்பல் 1854 டிசம்பர் 24 அன்று அங்கே போய்ச் சேர்ந்தது. 1889க்குள் இந்தியாவிலிருந்து போனவர்கள் 40,000 பேருக்கு மேல்.

பிரெஞ்சுப் பதிவேடு குடும்பப் பெயர் கேட்கும். நம்மவர்களிடம் அது ஏது? இருந்த ஒற்றைப் பெயரைச் சொன்னார்கள். காதில் விழுந்ததைக் குமாஸ்தா எழுதிக்கொண்டார். பிரெஞ்சில் 'உ' ஓசைக்கு 'ஓ', 'யு' என இரண்டெழுத்து வேண்டும். உயிரெழுத்துகளுக்கு நடுவே ஒற்றை 'எஸ்' வந்தால் சாமி 'ஃஜாமி' ஆகிவிடும், அதனால் இரட்டை 'எஸ்'. ஆக, முத்துசாமிக்குப் பதினோரு எழுத்து. வகுப்பில் பிரெஞ்சு சொல்லித்தரும்போது அதைப் பலகையில் எழுதி வாய்விட்டுப் படிக்கச் சொல்வேன். படித்து முடித்ததும் பிள்ளைகள் முகத்தில் தெரியும் வியப்புக்காகவே மறுபடி மறுபடி எழுதுகிறேன். கப்பலேறியவரின் சொந்தப் பெயர், அவர் பிள்ளைகள் காலத்திலிருந்து பரம்பரைப் பெயர்.

சிதம்பரம் அங்கே 'சிதம்பரோம்' ஆனார். 1863இல் அந்தத் தீவிலேயே பிறந்த ஹென்றி சிதம்பரோமை நம் பாடப்புத்தகங்கள் அவசியம் சொல்லவேண்டும். இந்தியர்களின் பிள்ளைகள் வாக்காளர் பட்டியலில் இருக்கக் கூடாது என்று 1904இல் நிர்வாகம் கிளம்பியபோது எதிர்த்து நின்றவர் அவர். 1923இல் அவர்களுக்குக் குடியுரிமை கிடைக்கும்வரை விடவில்லை. அந்த வாக்குரிமையின் வழியில் பிற்பாடு எர்னஸ்ட் முத்துசாமி என்ற எழுத்தாளர் குவாதலூப்பின் பிரதிநிதியாகப் பாரிஸ் நாடாளுமன்றத்துக்கே போனார்.

பெயர் அமெரிக்காவுக்கும் போயிற்று. சிகாகோவில் ஜான்சன் பதிப்பகத்தின் கட்டடத்தை வடிவமைத்தவர் ஜான் முத்துசாமி என்ற கறுப்பினக் கட்டடக் கலைஞர். அவர் மகள் ஜீன், புகைப்படக் கலைஞர். 1977இல் டென்னிஸ் வீரர் ஆர்தர் ஆஷை மணந்தார். கணவர் பெயரைச் சேர்த்துக்கொண்டபோதும் முத்துசாமியை அவர் விடவில்லை: ஜீன் முத்துசாமி-ஆஷ் என்றே கையெழுத்திட்டார்.