சிறு யந்திரத்தில் ஒரு சிறு வளையம்

எங்கள் மயூர் விஹார் குடியிருப்பில் வசிக்கும் அன்பர் ஒருவரிடம், அவருடைய தகப்பனார் ஓட்டிய பழைய பஜாஜ் சேதக் ஸ்கூட்டர் ஒன்று இருந்தது. பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் வாகனங்கள் தலைநகரில் ஓடலாகாதென 2014-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டதும், 2018-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்ததும் நேயர்கள் அறிந்ததே. வண்டியைப் பழைய இரும்புக்குப் போட மனமில்லாத அன்பர், பட்டறை ஒன்றில் புதிய பிஸ்டன் போட்டு, ரயில் பார்சலில் ஊருக்கு அனுப்பினார். அங்கே அது இருநூறு கிலோமீட்டர்கூட ஓடவில்லை. திறந்து பார்த்தபோது சிலிண்டரின் சுவரில் மேலிருந்து கீழாக ஆழ்ந்த கோடு விழுந்திருந்தது. பிஸ்டன் புதிது, ஆனால் பழைய வளையத்தையே மீண்டும் மாட்டியிருந்தார்கள். சில ரூபாய் பெறுமான அந்த வளையத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் இணைப்பது பிஸ்டன் பின் என்னும் உருக்குக் குழல். பெரும்பாலான சிறு யந்திரங்களில் இந்தப் பின் இறுக்கமாகப் பொருத்தப்படுவதில்லை. அது தன் இடத்தில் தாராளமாகச் சுழலும். ஆகவே பக்கவாட்டில் நகர்ந்து சிலிண்டரை உரசாதிருக்க, பிஸ்டனின் இரு புறத்துளைகளிலும் பள்ளம் வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு வில்வளையம் மாட்டுகிறார்கள். இதற்குச் சர்க்ளிப் என்று பெயர். பட்டறைகளில் பின் லாக் என்றும் சொல்லுவார்கள்.

இவ்வளையம் படும் பாட்டைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். சேதக் யந்திரத்தில் பிஸ்டன் 57 மில்லிமீட்டர் மேலும் கீழுமாக ஓடுகிறது. நிமிஷத்துக்கு 5,000 சுற்று வேகத்தில், உச்சியில் நின்று திரும்பும் கணத்தில் அதன்மேல் விழும் விசை, தன் எடையைப் போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. அரை கிராம் கம்பி அக்கணத்தில் அரைக் கிலோவாகக் கனக்கிறது. நிமிஷத்துக்கு ஐயாயிரம் தடவை இது நிகழ்கிறது.

வளையத்தின் வாய் எத்திசையில் இருக்கவேண்டும் என்ற கேள்விக்கு விடை இதிலேயே அடங்கியிருக்கிறது. வாய் பக்கவாட்டில் இருந்தால், அதன் இரு கைகளும் மேலும் கீழுமாக உதறப்படும், வாய் குறுகும், வளையம் பள்ளத்தை விட்டு நழுவும். வாய் நேர் மேலாகவோ நேர் கீழாகவோ இருந்தால் விசை இரு கைகளிலும் சமமாகப் பரவி, வளையம் பள்ளத்திலேயே அமர்ந்திருக்கும். கடிகார முகப்பைக் கொண்டு சொன்னால், பன்னிரண்டிலோ ஆறிலோ வாய் இருக்கலாம். மூன்றிலும் ஒன்பதிலும் கூடாது. கழற்றுவதற்கென்று பிஸ்டனில் சிறு வெட்டு ஒன்று இருக்குமே, அதற்கு நேராகவும் வாயை வைக்கலாகாது.

வாங்கும்போது பள்ளத்தின் உருவத்தைக் கவனியுங்கள். அரைவட்டப் பள்ளத்துக்கு உருண்டைக் கம்பி வளையம். சதுரப் பள்ளத்துக்குத் தகட்டில் வெட்டிய வளையம். தகட்டு வளையத்தின் ஒரு விளிம்பு கூர்மையாயும் மற்றது மழுங்கியும் இருக்கும். கூரிய பக்கம் பின்னுக்கு எதிர்ப்புறமாக, வெளிநோக்கி இருப்பதே முறை. கம்பியின் கனம் சற்றுக் குறைந்தாலும் வளையம் பள்ளத்தில் ஆடும். சிலவற்றில் பிடித்திழுக்க வசதியாக வால் இருக்கும். மிகு வேகத்தில் அந்த வால் ஒடியக்கூடும் என்பதால் பந்தய வண்டிக்காரர்கள் வாலற்றதையே விரும்புகிறார்கள். வீட்டு வண்டிக்கு யந்திரம் செய்தவர் வைத்த வகையே போதும்.

மயூர் விஹாரில் மெட்ரோவின் நீலத் தடத்தில் ஏறினால் இடையில் மாறாமலே கரோல் பாக் போய்ச் சேரலாம். நம்மவர்கள் முற்காலத்தில் குடியேறிய அப்பகுதி, மோட்டார் சைக்கிள் உறுப்புகளுக்கும் பெயர் போனது. இரண்டு வேண்டிய இடத்தில் நான்காக வாங்குங்கள். மாட்டும்போது ஒன்று துள்ளிக் குதித்து மறைவது எல்லோருக்கும் நேர்வதுதான். கண்ணில் படாதிருக்கக் கண்ணாடி அணிவது அவசியம்.

ஒரு புற வளையத்தை மேஜைமேல் வைத்தே மாட்டிவிடலாம். பிறகு கீழே திறந்திருக்கும் கிராங்கு அறையின் வாயைப் பழைய வேட்டித் துண்டால் அடைத்துவிடுங்கள். உள்ளே வளையம் விழுந்தால் யந்திரம் முழுவதையும் பிரிக்க நேரும். நூல் உதிரும் பட்டறைக் கழிவுப் பஞ்சு இதற்கு உதவாது. பிஸ்டனை வெந்நீரில் சூடாக்கி ஈரம் துடைத்தால் பின் விரல் அழுத்தத்திலேயே நுழையும். சுத்தியலால் தட்டினால் ராடு வளையும். வளையத்தைத் தேவைக்கு மேல் நெருக்காமல், ஒரு முனையைப் பள்ளத்தில் ஊன்றி மற்றதைச் சிறு திருப்புளியால் உள்ளே தள்ளுங்கள். சுற்றிலும் படிந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்து, பின்னர் மெல்லத் திருப்பிப் பாருங்கள். இறுக்கமாக நகர்ந்தால் சரி. தொட்டவுடன் சுழன்றால் வளையமோ பள்ளமோ கெட்டிருக்கிறது. கழற்றிய வளையம் பார்வைக்குப் புதிதுபோல இருந்தாலும் வில்தன்மை குன்றியிருக்கும். அதைக் குப்பையில் எறிவதே சிக்கனம்.

இவ்வளவும் செய்தபின்னும் வளையம் மீண்டும் கழன்றால், வளையத்தை மட்டும் குறைகூறலாகாது. ராடு வளைந்திருந்தால் அது ஒவ்வொரு சுற்றிலும் பின்னை ஒரு பக்கமாகத் தள்ளும். எத்தனை நல்ல வளையமும் அதைத் தாங்காது. நம் அன்பரின் தம்பி ராடைச் சோதிக்கச் செய்தார். அது நேராகவே இருந்தது. சிலிண்டரைக் கடைந்து, அடுத்த அளவுப் பிஸ்டனும் இரண்டு புதிய வளையங்களும் போட்டிருக்கிறார்கள்.