பருத் தழும்புக்கு நுண்ணூசிச் சிகிச்சை: தோல் தன்னைத் தானே சீர்செய்துகொள்ளும் விதம்

பருக்கள் அடங்கிப் பல ஆண்டுகள் ஆன பின்னரும், அவை கன்னங்களில் விட்டுச் சென்ற பள்ளங்கள் மறைவதில்லை. எங்கள் தோல் மருத்துவப் பிரிவுக்கு இத்தகைய தழும்புகளுடன் வருவோரில் பெரும்பாலோர் இருபதுகளில் இருப்பவர்கள்; பலர் தாயாருடனோ அக்காளுடனோ வருகிறார்கள். குழுவாகப் புகைப்படம் எடுக்கும்போது பின்வரிசைக்கு ஒதுங்குபவர்களும், நேர்முகத் தேர்வுக்குச் செல்லத் தயங்குபவர்களும், பெண் பார்க்க வருவதற்குள் ஏதாவது செய்துவிட முடியுமா என்று கேட்பவர்களும் அவர்களில் உண்டு. “டெர்மா ரோலர்” என்ற சொல்லை ஏறக்குறைய அனைவரும் எங்கோ கேட்டுவிட்டே வருகிறார்கள். அது தோலுக்குள் என்ன செய்கிறது என்பதைத்தான் பலர் அறிந்திருப்பதில்லை. அதை அறிந்தவருக்கு, இச்சிகிச்சையில் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பது தானே விளங்கிவிடும்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்த வேண்டும். பரு ஆறிய இடத்தில் தங்கும் கருமை வேறு, பள்ளம் வேறு. கருமை என்பது நிறமிப் படிவு மட்டுமே. வெயிலிலிருந்து காத்துக்கொண்டால் சில மாதங்களில் தானாகவே மங்கும், அல்லது களிம்புகளால் மங்கும். அதற்கு ஊசி தேவையில்லை. பள்ளம் என்பது தோலின் உள்ளடுக்கில் ஏற்பட்ட இழப்பு. கண்ணாடி முன் நின்று, பக்கவாட்டிலிருந்து விளக்கொளி விழும்படி பார்த்தால் நிழல் தெரிவது பள்ளம். எந்த ஒளியிலும் ஒரே மாதிரி தெரிவது கறை. தழும்புச் சிகிச்சை வேண்டும் என்று வருபவர்களில் கணிசமானோருக்கு உண்மையில் இருப்பது கறைதான். அவர்களை நாங்கள் களிம்புச் சீட்டுடன் திருப்பி அனுப்புகிறோம். சிலருக்கு அது ஏமாற்றமாகவும் இருக்கிறது.

தோலுக்கு இரண்டு முதன்மையான அடுக்குகள் உண்டு. மேலடுக்கு மெல்லியது, முகத்தில் அதன் தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர்தான். அதன் கீழே உள்ள அடுக்கில்தான் கொலாஜன் என்னும் புரத இழைகள் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கின்றன. தோலுக்கு உறுதி தருவது அந்தப் பின்னலே. பரு சீழ் வைத்துப் பழுக்கும்போது அதைச் சுற்றியுள்ள அழற்சி இவ்விழைகளை அரித்துவிடுகிறது. ஆறும்போது போதுமான கொலாஜன் உருவாகாமல் போனால் மேற்பரப்பு உள்வாங்கிக் கொள்கிறது. சில இடங்களில் முரட்டு நார்கள் உருவாகி, மேல்தோலைக் கீழ்நோக்கி இழுத்துக் கட்டிவிடுவதும் உண்டு.

இந்தப் பள்ளத்தை வெளியிலிருந்து பூசும் எந்தக் களிம்பாலும் நிரப்ப முடியாது. உள்ளிருந்து கொலாஜன் வளர வேண்டும். அதை வளர்க்கக் கூடியது உடலின் காயம் ஆற்றும் இயக்கம் ஒன்றுதான். நுண்ணூசிச் சிகிச்சை செய்வதெல்லாம் அந்த இயக்கத்தை எழுப்பிவிடுவதே.

இந்த எண்ணம் தோன்றிய விதம் சுவையானது. 1990களில் கனடாவைச் சேர்ந்த காமிராண்ட், டூசே என்ற இருவர், அறுவைச் சிகிச்சைத் தழும்புகளின் வெளிறிய நிறத்தை மறைப்பதற்காக, பச்சை குத்தும் கருவியால் தோல் நிற மையை ஏற்றி வந்தார்கள். காலப்போக்கில் மை மறைந்துபோனது. ஆனால் தழும்பின் தன்மையும் நிறமும் மேம்பட்டிருந்தன. பலன் தந்தது மையன்று, ஊசி குத்தியதே என்று உணர்ந்து, மையில்லாமலேயே ஊசி கொண்டு செய்த சிகிச்சையைப் பற்றி 1997-இல் எழுதினார்கள். பின்னர் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரைச் சேர்ந்த ஒட்டுறுப்பு அறுவை மருத்துவர் டெஸ்மண்ட் பெர்னாண்டஸ், சிறிய உருளை ஒன்றில் ஊசிகளைப் பதித்து, அதை முகத்தில் உருட்டும் கருவியை உருவாக்கினார். வழக்கமான மருத்துவ உருளையில் 192 ஊசிகள் இருக்கும். இப்போது பேனா வடிவில், மின்விசையால் ஊசிகள் மேலும் கீழும் இயங்கும் கருவிகளும் வந்துவிட்டன. ஊசி இறங்கும் ஆழத்தை இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள முடிவது இவற்றின் வசதி.

ஊசி குத்திய கணத்திலிருந்து என்ன நடக்கிறது? முடிவிழை நாளங்களிலிருந்து சிறு புள்ளிகளாக இரத்தம் கசிகிறது. அங்கு வந்து சேரும் பிளேட்லெட்டுகள் வளர்ச்சிக் காரணிகள் எனப்படும் புரதங்களை வெளியிடுகின்றன. முதல் சில நாட்கள் அழற்சிக் கட்டம். முகம் சிவந்திருப்பது இதனால்தான். அடுத்த வாரங்களில் நார்மூலச் செல்கள் பெருகி, புதிய கொலாஜனை நெய்யத் தொடங்குகின்றன. முதலில் உருவாவது மென்மையான மூன்றாம் வகைக் கொலாஜன். பல மாதங்களில் அது படிப்படியாக உறுதியான முதல் வகையாக மாறுகிறது. வீடு கட்டும்போது முதலில் சாரம் கட்டிவிட்டுப் பின்னர் சுவர் எழுப்புவதைப் போன்றது இது. ஆகவே, இன்று சிகிச்சை செய்துகொண்டு அடுத்த வாரம் கண்ணாடியில் பலனைத் தேடுவது பொருந்தாது. சிகிச்சைக்கு மறுநாள் பள்ளங்கள் குறைந்ததாகத் தெரிந்தால் அது வீக்கம். இரண்டு நாட்களில் வற்றிவிடும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், “முதலில் நன்றாக இருந்தது, பிறகு பழையபடி ஆகிவிட்டது” என்று பலர் மனம் சோர்ந்துபோகிறார்கள்.

நம் போன்ற மாநிறத் தோலுக்கு இச்சிகிச்சை தனிச் சிறப்பு உடையதாகக் கருதப்படுவதற்கும் காரணம் உண்டு. மேற்தோலை முழுமையாக நீக்கும் வகை லேசர்களும், ஆழமான இரசாயன உரிப்பும் தழும்பைக் குறைக்கும். ஆனால் நிறமிச் செல்கள் இருக்கும் மேலடுக்கையே அவை சிதைப்பதால், ஆறிய பிறகு முகம் கறுத்துப்போகும் அபாயம் மாநிறத்தினருக்கு மிகுதி. நுண்ணூசி மேலடுக்கைத் துளைத்துச் செல்கிறதே தவிர, அதை அகற்றுவதில்லை. துளைகளுக்கு இடையே நலமான தோல் அப்படியே நிற்கிறது. துளைகளும் விரைவில் மூடிக்கொள்கின்றன. கருமை படரவே படராது என்று சொல்ல மாட்டோம். வெயிலில் கவனமின்றித் திரிந்தால் நிச்சயம் படரும். ஆனால் அபாயம் ஒப்பளவில் குறைவு.

எந்தத் தழும்புக்கு எவ்வளவு பலன் என்பதில்தான் எங்களுக்கும் நோயாளிகளுக்கும் நீண்ட உரையாடல் தேவைப்படுகிறது. அலைபோல மேலும் கீழுமாகக் கிடக்கும் தழும்புகள், விரல்களால் தோலை இழுத்துப் பிடித்தால் மறைபவை, நன்றாகப் பலன் தரும். பெட்டி போலத் தட்டையான அடியும் தெளிவான விளிம்பும் உடைய ஆழமற்ற பள்ளங்களும் அவ்வாறே. ஆனால் கூரிய முள் குத்தி எடுத்ததுபோலக் குறுகி ஆழமாகச் செல்லும் குழிகளுக்கு ஊசியின் நீளம் போதாது. அவற்றுக்கு, செறிவு மிகுந்த டிரைகுளோரோஅசெட்டிக் அமிலத்தைக் குச்சி முனையால் குழிக்குள் மட்டும் தொட்டு வைக்கும் முறையோ, சிறு அறுவையோதான் பொருத்தம். தழும்பைக் கீழே இழுத்துக் கட்டியிருக்கும் நார்களைத் தனி ஊசியால் அறுத்துவிட வேண்டிய நிலையும் சிலருக்கு இருக்கும். பெரும்பாலான முகங்களில் இம்மூன்று வகைகளும் கலந்தே இருப்பதால், ஒரே சிகிச்சை போதும் என்று யாராவது வாக்களித்தால் ஐயப்படுவது நல்லது.

காஷ்மீரின் ஸ்ரீநகரிலிருந்து 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சிகிச்சையை முடித்த 36 பேரில் 34 பேருக்குத் தழும்பின் கடுமை ஒன்று அல்லது இரண்டு படிகள் குறைந்தது. அலைத் தழும்புகளும் பெட்டித் தழும்புகளும் நன்றாகவும், ஆழ்குழிகள் நடுத்தர அளவிலும் பலன் தந்தன. எங்கள் நடைமுறை அனுபவமும் இதற்கு ஒத்ததே. தழும்பு குறையும், மென்மையாகும், நிழல் விழுவது தணியும். துடைத்தெடுத்தாற்போல மறையாது.

சிகிச்சை நாளில் முகத்தைக் கழுவி, மரத்துப்போகச் செய்யும் களிம்பைப் பூசி 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை காத்திருக்கச் சொல்வோம். சலிப்பாக இருந்தாலும் இந்தக் காத்திருப்பைக் குறைக்க வேண்டாம். வலியின் அளவை முடிவுசெய்வது இதுதான். பின்னர் களிம்பைத் துடைத்து, கிருமிநீக்கம் செய்து, தோலை இழுத்துப் பிடித்தபடி பல திசைகளில் கருவியை இயக்குவோம். கன்னத்தில் பொதுவாக 1.5 மில்லிமீட்டர் ஆழம். எலும்பு மேலாகத் தெரியும் நெற்றியிலும் மூக்கிலும் அதைவிடக் குறைவு. சீரான சிறு இரத்தப் புள்ளிகள் தோன்றியதும் நிறுத்திவிடுவோம். அதற்கு மேல் குத்துவதால் கூடுதல் பலன் இல்லை. பொட்டுப் பொட்டாக இரத்தம் படிந்த முகத்தைக் கண்டு உடன் வந்த தாய்மார்கள் கலங்குவதுண்டு. உப்புநீரில் நனைத்த பஞ்சால் துடைத்துக் குளிர் ஒத்தடம் கொடுத்த சில நிமிடங்களில் கசிவு நின்றுவிடும்.

அன்று முகத்தில் சோப்பு, ஒப்பனை, மஞ்சள், எலுமிச்சை, வீட்டில் அரைத்த எதுவும் வேண்டாம். துளைகள் திறந்திருக்கும் தோலில் எதைப் பூசினாலும் அது உள்ளடுக்கு வரை செல்லும். ஊசி சிகிச்சையின்போது மேற்பூச்சுக்கான சீரம் பூசப்பட்ட பெண்களுக்கு முகத்தில் ஒவ்வாமைக் கட்டிகள் தோன்றியதை 2014-இல் அமெரிக்கத் தோல் மருத்துவ இதழ் ஒன்று பதிவுசெய்தது. சிவப்பு இரண்டு மூன்று நாட்கள் இருக்கும்; பிறகு இலேசாகத் தோல் உரியலாம். வலித்தால் பாராசிட்டமால் போதும். அழற்சியை அடக்கும் வலிமாத்திரைகளைப் பொதுவாகத் தவிர்க்கச் சொல்கிறோம். நமக்கு வேண்டியதே அந்த அளவான அழற்சிதான். மருத்துவர் சொன்ன நாளிலிருந்து சன்ஸ்கிரீனைத் தவறாமல் பூச வேண்டும். இருசக்கர வாகனத்தில் செல்பவர்கள் முதல் வாரம் முகத்தை மூடிச் செல்வது நலம்.

சிலருக்கு இச்சிகிச்சையைச் செய்ய மாட்டோம், அல்லது தள்ளி வைப்போம். பழுத்த பருக்கள் இன்னும் வந்துகொண்டிருந்தால் முதலில் அவற்றை அடக்க வேண்டும். இல்லையேல் ஊசியே கிருமியைப் பரப்பும். முகத்தில் மருக்கள் இருந்தாலும் இதே அச்சம்தான். காது குத்திய இடத்தில் அல்லது தடுப்பூசி போட்ட தோளில் தழும்பு கட்டியாக வளர்ந்தவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வெண்புள்ளி, சொரியாசிஸ் உள்ளவர்களுக்குக் குத்திய இடமெல்லாம் அந்நோய் தோன்றக்கூடும். உதட்டோரம் அடிக்கடி கொப்புளம் வருபவர்கள், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உட்கொள்பவர்கள், கட்டுக்குள் வராத நீரிழிவு உள்ளவர்கள், கருவுற்றிருப்பவர்கள் ஆகியோரும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். பருவுக்காக ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை எடுப்பவர்கள், எப்போது தொடங்கினோம், எப்போது நிறுத்தினோம் என்பதைக் குறித்துக்கொண்டு வந்தால் முடிவெடுக்க உதவும்.

தூய்மை பற்றிச் சற்று அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இது இரத்தம் வரும் சிகிச்சை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், உரிமம் பெறாத அழகு நிலையம் ஒன்றில் இரத்தப் பிளாஸ்மாவுடன் நுண்ணூசிச் சிகிச்சை செய்துகொண்ட பெண்கள் சிலருக்கு எச்.ஐ.வி. தொற்று ஏற்பட்டது. ஒருமுறை மட்டுமே பயன்படுத்த வேண்டிய பொருட்களை அங்கே மீண்டும் பயன்படுத்தியது விசாரணையில் தெரிந்தது. அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் 2024-இல் இதை வெளியிட்டது. எங்கே சிகிச்சை பெற்றாலும், ஊசி முனையின் உறை உங்கள் கண்முன் பிரிக்கப்படுகிறதா என்று பாருங்கள். பார்க்கக் கேட்பது மரியாதைக் குறைவாகாது. அதே ஊசியை “உங்களுக்கென்றே வைத்திருக்கிறோம்” என்று அடுத்த முறைக்குச் சேமித்து வைப்பதும் ஏற்கத்தக்கதன்று.

இணையத்தில் வாங்கி வீட்டிலேயே உருட்டும் கருவிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். குட்டை ஊசி உடையவை உள்ளடுக்கை எட்டுவதே இல்லை. தழும்புக்கு அவற்றால் பயனில்லை. நீள ஊசி உடையவை எட்டும், ஆனால் மழுங்கிய முனையும் மிகுந்த அழுத்தமும் சேர்ந்தால் தோலைக் கீறிவிடும். கன்ன எலும்பின் மேல் அழுத்தி உருட்டியதால் தண்டவாளம் போல இணைகோடுகளாகத் தழும்பு விழுந்த நிகழ்வு மருத்துவ இதழில் வந்துள்ளது. அக்காள் தங்கை இருவரும் ஒரே கருவியைப் பகிர்ந்துகொள்வதை நாங்கள் கண்டிருக்கிறோம். அது கூடவே கூடாது.

சொந்த இரத்தத்தின் பிளாஸ்மாவையும் சேர்த்துச் செய்தால் பலன் கூடுமா என்பது மற்றொரு கேள்வி. சில ஆய்வுகளில் சிறிதளவு கூடுதல் பலன் காணப்படுகிறது. செலவைக் கணக்கிட வேண்டிய குடும்பத்திற்கு, அந்தப் பணத்தை இன்னும் ஒரு முறை சாதாரண நுண்ணூசிச் சிகிச்சைக்கு வைத்துக்கொள்ளவே நாங்கள் பரிந்துரைக்கிறோம்.

பொதுவாக நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் மூன்று முதல் ஆறு முறை தேவைப்படும். கடைசி முறைக்குப் பின் மூன்று மாதமாவது கழிந்தே பலனை மதிப்பிட முடியும். எனவே தை மாதத்தில் திருமணம் என்றால் ஐப்பசியில் வருவது காலம் கடந்த வருகை. சித்திரையிலேயே வந்தால் வசதி. முகூர்த்தத்துக்கு மூன்று வாரம் இருக்கையில் வருபவர்களுக்கு நாங்கள் ஊசியைத் தொடுவதில்லை. கறையை மங்கச் செய்யும் களிம்பும், தழும்பை மறைக்கும் ஒப்பனைக்கான அறிவுரையும் தந்து, திருமணம் முடிந்து வரச் சொல்கிறோம்.

முதல் முறை வரும்போது இதுவரை பூசிய களிம்புகளின் குழாய்களையும், மருந்துக்கடையில் தாமாக வாங்கியவை உட்பட, கையோடு கொண்டு வாருங்கள். நிறம் வெளுக்க என்று வாங்கும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். நீண்ட நாள் பூசிய தோல் மெலிந்திருக்குமாதலால், அது தேறிய பிறகே ஊசி. முகத்தை ஒரே வெளிச்சத்தில் மூன்று கோணங்களில் படம் எடுத்து உங்கள் கோப்பில் வைத்துக்கொள்வோம். நாள்தோறும் கண்ணாடி பார்ப்பவருக்கு மெல்ல நிகழும் மாற்றம் தெரிவதில்லை. மூன்றாம் முறை முடிந்ததும் அந்தப் படங்களை அருகருகே வைத்து, தொடர்வதா நிறுத்துவதா என்பதை உங்களுடன் சேர்ந்தே முடிவு செய்வோம். சிகிச்சைக்குப் பின் மூன்றாம் நாளைக் கடந்தும் சிவப்பு கூடிக்கொண்டே போனாலோ, சீழ், கொப்புளம், காய்ச்சல் தோன்றினாலோ அடுத்த சந்திப்பு நாள் வரை காத்திராமல் அன்றே பிரிவுக்கு வந்துவிடுங்கள்.