மரதன் ஓட்டமும் கையில் இருக்க வேண்டிய கடதாசிகளும்

பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியிலும் சித்திரைப் புத்தாண்டு விழாவிலும் நடக்கும் மரதன் ஓட்டம் சில கிலோமீற்றர் தூரம்தான். அதற்கென்ன ஆயத்தம் என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. 2024 மார்ச்சில் அம்பாறை மாவட்டம் திருக்கோவிலில் பாடசாலை மரதனில் ஓடிய 16 வயது மாணவர் உயிரிழந்தார். உரிய நேரத்தில் சிகிச்சை கிடைக்கவில்லை என்று வைத்தியசாலை முன் ஆர்ப்பாட்டம் நடந்தது. அதன் பிறகும் பிள்ளைகளை வெயிலில் வீதியில் ஓடவிடும் வழக்கம் நிற்கவில்லை.

மாத்தளை மாவட்டத்தில் வீதி என்றால் பல ஊர்களுக்கு ஏ-9 தான். கண்டியிலிருந்து மாத்தளை, நாவுல, தம்புள்ள வழியாகச் செல்லும் அந்த வீதியில் பஸ்களுக்கும் லொறிகளுக்கும் இடையே ஓட்டம் நடத்துவது தவிர்க்க முடியாதது அல்ல. மேலைநாடுகளில் குளிர்காலத்தில் 200 மீற்றர் உள்ளரங்கப் பாதையிலேயே முழு மரதனும் நடத்துகிறார்கள், 211 சுற்றுகள். மாத்தளையில் அத்தகைய அரங்கு இல்லாவிட்டாலும் முறை இங்கும் பொருந்தும். பாடசாலை மைதானத்தில் சுண்ணாம்பால் 200 மீற்றர் வட்டம் கீறினால் 5 கிலோமீற்றருக்கு 25 சுற்று.

சுற்று எண்ணுபவர் ஒருவருக்கு மூன்று, நான்கு ஓட்டக்காரருக்கு மேல் கொடுக்கக்கூடாது. ஒவ்வொருவருக்கும் ஒரு தாள். கோட்டைக் கடக்கும்போதெல்லாம் நேரத்தைக் குறிக்க வேண்டும். ஒரு நிமிடத்தில் சுற்றை முடித்துவந்த பிள்ளை திடீரென ஒன்றரை நிமிடம் எடுத்தால் அந்தத் தாளே காட்டிக்கொடுத்துவிடும். கால் பின்னுவது, கேட்டதற்குப் பொருத்தமில்லாத பதில் சொல்வது, தடுமாறுவது ஆகியவை வெப்ப அதிர்ச்சியின் அடையாளங்கள். உடல் வெப்பம் 40 பாகையைத் தாண்டியிருக்கலாம். அந்த நேரத்தில் முதலில் உடலைக் குளிர்விக்க வேண்டும், பிறகே கொண்டுசெல்ல வேண்டும். குளிர்ந்த நீர் நிரப்பிய பெரிய தொட்டி ஓட்டம் தொடங்கும் முன்பே மைதானத்தில் இருக்க வேண்டும். நினைவு தப்பியவரின் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. மூச்சு நின்றிருந்தால் நெஞ்சழுத்த முதலுதவியை உடனே தொடங்க வேண்டும். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். பிள்ளை விழுந்த அந்த நிமிடமே அழைக்க வேண்டும், அதிபரின் அனுமதிக்குக் காத்திருக்கக்கூடாது.

எல்கடுவ, இறத்தோட்டை மலைப்பகுதியின் காலநிலையைத் தம்புள்ள, கலேவெல உலர்வலயத்துக்குக் கணக்கில் எடுக்க முடியாது. வளிமண்டலவியல் திணைக்களம் வெப்பச் சுட்டெண் எச்சரிக்கை விடுத்த நாளில் ஓட்டத்தைத் தள்ளிவைக்க வேண்டும். பிரதம அதிதியின் வசதிக்காக அதிகாலை ஓட்டத்தைப் பத்து மணிக்கு மாற்றுவது மன்னிக்க முடியாத பொறுப்பின்மை.

முன்கூட்டிக் கொடுக்க வேண்டிய கடிதங்கள் சில. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு ஒன்று. வீதியைப் பயன்படுத்துவதானால் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு ஒன்று. பாடசாலையானால் வலயக் கல்விப் பணிமனைக்கும், கழகமானால் பிரதேச செயலக விளையாட்டு உத்தியோகத்தருக்கும் ஒன்று. ஒவ்வொன்றின் பிரதியிலும் திகதி முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். பாடசாலை மருத்துவப் பரிசோதனை பொதுவாக 1, 4, 7, 10ஆம் தரங்களில்தான் நடக்கிறது. 10ஆம் தரத்தில் பார்த்த இதயத்தை வைத்து 12ஆம் தர மாணவரை ஓடவிட முடியாது. மயக்கம், நெஞ்சுவலி, குடும்பத்தில் இளவயதுத் திடீர் மரணம் உண்டா என்று பெற்றோரிடம் எழுத்தில் கேட்க வேண்டும். உண்டு என்றால் வைத்தியரின் கடிதம் இல்லாமல் ஓடவிடக்கூடாது. பெற்றோர் சம்மதக் கடிதம் கொடுத்ததால் பாடசாலையின் கவனக்கடமை நீங்கிவிடாது.

விபரீதம் நடந்தபின் குடும்பங்கள் தவறுவது கடதாசி விடயத்தில்தான். பொலிஸ் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட, வாசித்துப் புரியாமலே கையொப்பமிடுகிறார்கள். சிங்களம் நிருவாக மொழியாக உள்ள பகுதியிலும் அதிகாரிகளோடு தமிழில் கருமமாற்ற அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. புரியாத தாளில் கையொப்பமிடக்கூடாது. தோட்டத்திலிருந்து வரும் பெற்றோருக்கு இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும்: புரியாத தாளில் கையொப்பமிடக்கூடாது.

மரணம் என்றால் திடீர் மரண விசாரணை அதிகாரியிடம் ஓட்டம் தொடங்கிய நேரம், விழுந்த நேரம், அம்புலன்ஸ் வந்த நேரம் மூன்றையும் பதியச் சொல்ல வேண்டும். சட்ட வைத்திய அதிகாரியின் பிரேத பரிசோதனை வேண்டாம் என்று துயரத்தில் கேட்டுக்கொள்வோர் பின்னர் வழக்குக்கு அடிப்படையே இல்லாமல் நிற்கிறார்கள்.

சுற்றுத் தாள்கள், முன்கடிதங்கள், பாடசாலையின் சம்பவக் குறிப்பு ஆகியவற்றை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். பெயர் தெரியாவிட்டால் "தகவல் அதிகாரி" என்று விலாசமிட்டாலே போதும். பற்றுச்சீட்டு கொடுப்பது அவர் கடமை; "பிறகு வாங்க" என்று திருப்பியனுப்ப அவருக்கு அதிகாரமில்லை. 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் தர வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அதிகாரியிடமும், அதன் பின் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். உயிர் தப்பியவரின் மருத்துவப் பதிவைக் கேட்பதானால் அவரது எழுத்து மூலச் சம்மதத்தை இணைக்க வேண்டும்.

அரச பாடசாலையோ அரச வைத்தியசாலையோ அடிப்படை உரிமையை மீறியதாகக் கருதினால், அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் செல்ல வேண்டும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் கண்டியில் உள்ளது; ஆணைக்குழுவின் பொதுவான அவசரத் தொலைபேசி எண் 1996. வைத்தியர் மீதான முறைப்பாடு இலங்கை மருத்துவ சபைக்குச் செல்ல வேண்டும். சத்தியக்கடதாசியையும் இணைப்பது நல்லது. நட்டஈட்டு வழக்குக்கு இரண்டு ஆண்டுகள் எல்லை. பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது என்பதற்காக அந்தக் காலம் நீளாது.