எந்தத் தண்ணீரில் எந்தக் கொசு?

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் புதுக்கோட்டைத் தெருக்களில் புகை இயந்திரத்தின் இரைச்சல் கேட்க ஆரம்பிக்கும். வெண்புகை சந்துபொந்தெல்லாம் பரவும். கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பவர்கள், ‘மருந்து அடிச்சிட்டாங்க’ என்று நிம்மதி அடைவார்கள். ஆனால் டெங்குவைச் சுமக்கும் ஏடிஸ் எஜிப்தி கொசு பெரும்பாலும் அவர்களோடு அதே வீட்டுக்குள்தான் இருக்கிறது. கொடியில் தொங்கும் சட்டைக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், பீரோ இடுக்கில் ஒண்டிக்கொண்டு, பகலில் வந்து கடிக்கும் கொசு அது. தெருவில் அடிக்கும் புகை சாத்திய கதவைத் தாண்டி அதை எட்டுவதில்லை. எட்டினாலும் பறக்கிற கொசுதான் சாகும். தொட்டியில் நெளிகிற புழு சில நாளில் இறக்கை முளைத்துக் கிளம்பிவிடும்.

காய்ச்சல் கொத்தாகப் பரவும் தெருவில் புகை அடிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. வருடம் முழுவதும் அதையே நம்பியிருப்பதற்குக் காரணம் இல்லை.

பூச்சிமருந்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. விடுதலை பெற்ற காலத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 7.5 கோடிப் பேரை மலேரியா தாக்கியதாக மதிப்பிட்டார்கள். 1953இல் டிடிடி தெளிக்கும் தேசியத் திட்டம் தொடங்கியது. அறுபதுகளின் நடுவில் நோயாளிகளின் எண்ணிக்கை ஒரு லட்சம் அளவுக்கு இறங்கியது. மலேரியாவின் கதை முடிந்தது என்றே பலரும் நினைத்தார்கள். 1976இல் அது 64 லட்சத்தைத் தாண்டியது. மருந்துத் தட்டுப்பாடு, கண்காணிப்பில் தளர்ச்சி ஆகியவற்றோடு, டிடிடியைத் தாங்கிக்கொள்ளும் கொசுக்கள் பெருகியதும் அதற்கு ஒரு காரணம்.

மருந்தில்லாமல் கொசுவைக் குறைக்க நினைப்பவர் முதலில் கேட்க வேண்டியது, எந்தத் தண்ணீரில் எந்தக் கொசு வளர்கிறது என்பதைத்தான். டெங்கு பரப்பும் ஏடிஸுக்குச் சுத்தமான தேங்கிய நீர் வேண்டும். யானைக்கால் நோய் பரப்பும் கியூலக்ஸுக்குச் சாக்கடையும் செப்டிக் டேங்கும் போதும். ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்பும் இன்னொரு கியூலக்ஸ் வகைக்கு நெல்வயல். மலேரியா பரப்பும் அனாபிலிஸில் ஒரு வகை கிணற்றையும் மேல்நிலைத் தொட்டியையும் தேடும், இன்னொரு வகை வாய்க்காலையும் குட்டையையும் தேடும். புதுக்கோட்டை மாவட்டத்தில் இத்தனை வகைத் தண்ணீரும் இருக்கிறது.

இங்கே வற்றாத ஆறு கிடையாது. வெள்ளாறும் அக்னியாறும் மழைக்காலத்தில் ஓடிவிட்டு மணலாகிவிடும். காவிரிக் கூட்டுக் குடிநீர் எல்லா ஊருக்கும் எல்லா நாளும் வருவதில்லை. அதனால் குழாயில் தண்ணீர் வரும்போது குடம், அண்டா, பிளாஸ்டிக் டிரம், குளியலறைச் சிமெண்ட் தொட்டி என்று எல்லாவற்றையும் நிரப்பி வைக்கிறார்கள். ஏடிஸுக்கு இதைவிட வசதியான ஏற்பாடு இருக்க முடியாது. வறண்ட ஊரில் டெங்கு வருவதைக் கேட்டுப் பலர் வியக்கிறார்கள். வறட்சிதான் தண்ணீரைப் பிடித்து வைக்கச் சொல்கிறது, பிடித்து வைத்த தண்ணீர்தான் கொசுவை வளர்க்கிறது.

ஒரு சிமெண்ட் தொட்டியை டார்ச் அடித்துப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். வெளிச்சம் பட்டதும் மேல்மட்டத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த புழுக்கள் உடலை வளைத்து வளைத்து அடியை நோக்கி இறங்கும். சற்றுப் பொறுத்தால் மூச்சுக்காக மறுபடி மேலே வரும், ஏனென்றால் அவை வால்பக்கத்துக் குழாயைக் காற்றில் நீட்டித்தான் சுவாசிக்கின்றன. இனி நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரைப் பார்க்க வேண்டும். மிளகுத்தூள் சிந்தியதுபோல அங்கே ஒட்டியிருப்பவை முட்டைகள். தண்ணீரைக் கொட்டிவிட்டாலும் அவை சுவரிலேயே காய்ந்து மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தொட்டி நிரம்பி அவற்றின்மேல் நீர் ஏறியதும் பொரியும். ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, நார் அல்லது பிரஷ் போட்டு உட்சுவரை அழுத்தித் தேய்க்க வேண்டும். முட்டையிலிருந்து கொசுவாக ஏழெட்டு நாள் ஆகும் என்பதால் வாரம் ஒருமுறை தேய்ப்பது கணக்கு. வீடு வீடாக வரும் கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்கள் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். கையில் டார்ச்சோடு வெயிலில் அலையும் அந்தப் பெண்களைப் பல வீடுகளில் வாசலோடு அனுப்பிவிடுகிறார்கள். புகை இயந்திரத்துக்குக் கிடைக்கும் மரியாதையில் பாதி அவர்களுக்குக் கிடைத்திருந்தால் காய்ச்சல் கணக்கே மாறியிருக்கும்.

தொட்டியோடு முடிவதில்லை. கொல்லையில் யாரும் பயன்படுத்தாமல் கிடக்கும் ஆட்டுரலின் குழி, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் நீர் சொட்டும் தட்டு, பஞ்சர் கடை டயர் எல்லாமே ஏடிஸ் வளரும் இடங்கள். கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் கொட்டாங்குச்சியும் தேங்காய் மட்டையும் குவிந்து கிடக்கும், மழை பெய்தால் ஒவ்வொன்றும் ஒரு கிண்ணம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் இந்தத் தோப்புகளைச் சாய்த்துப் போட்டபோது, விழுந்த மரங்களுக்கும் குப்பைக்கும் நடுவே தேங்கிய நீரும் சுகாதாரத் துறைக்குக் கவலையாக இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் தமிழகத்தில் 23,000க்கும் மேற்பட்டவர்களை டெங்கு தாக்கி, அரசுக் கணக்குப்படியே 65 பேர் இறந்திருந்தார்கள்.

தண்ணீரைக் கவிழ்த்தால் கொசு குறையும் என்பது புதிய கண்டுபிடிப்பு இல்லை. 1883இல் பெங்களூரில் ராணுவ மருத்துவராக இருந்த ரொனால்ட் ராஸ், தன் பங்களாவில் மொய்த்த கொசுக்கள் ஜன்னலுக்கு வெளியே இருந்த தண்ணீர்த் தொட்டியில் வளர்வதைக் கண்டு அதைக் காலி செய்தார். கொசு குறைந்தது. கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியை அவர் கண்டுபிடித்தது அதற்குப் பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1897இல்.

கண்மாய்மீது மட்டும் மக்கள் தேவையில்லாமல் பழி போடுகிறார்கள். ஆழமாக, காற்றுக்கு அலையடித்து, மீன் திரியும் கண்மாயின் நடுநீரில் கொசுப்புழு பிழைப்பது கடினம். கரையோரப் புல்லும் ஆகாயத் தாமரையும் மண்டினால்தான் சிக்கல். அந்தச் செடிகளின் வேரைத் துளைத்து மூச்சுவிடும் மேன்சோனியா என்ற கொசுவே உண்டு. கேரளத்தின் சேர்த்தலையில் அது யானைக்கால் நோயைப் பரப்பிக்கொண்டிருந்தது. எண்பதுகளில் புதுச்சேரியிலுள்ள நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் அங்கே குளத்துச் செடிகளை அகற்றி மீன் வளர்க்கும்படி மக்களைத் திரட்டியது. மீன் விற்ற காசு கையில் வந்ததால் குளத்தைச் சுத்தமாக வைத்திருக்க யாரும் வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை.

மீன் என்றதும் கம்பூசியாவை எங்கும் கொட்டிவிடுகிறார்கள். இது சரியில்லை. அமெரிக்கக் கண்டத்து மீனான கம்பூசியா 1928இல் இந்தியாவுக்கு வந்தது. புழுவைத் தின்னும், உண்மைதான். அதோடு தவளையின் தலைப்பிரட்டையையும் உள்ளூர் மீன்களின் முட்டை, குஞ்சுகளையும் தின்னும். உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியலில் அதற்கு இடம் உண்டு. பயன்படாத கிணறு, மூடிய தொட்டி என்றால் விடலாம். கண்மாய்க்கும் ஊரணிக்கும் அங்கேயே பிறந்த சிறுமீன்கள் போதும்.

வியட்நாம் வேறு வழியில் போனது. மீசோசைக்ளோப்ஸ் என்ற நீர்ச்சிற்றுயிரை வீட்டுத் தண்ணீர்த் தொட்டிகளில் விட்டு, பல ஊர்களில் ஏடிஸை அடியோடு ஒழித்தார்கள். முட்டையிலிருந்து பொரிந்த உடனேயே கொசுப்புழுவை அது பிடித்துத் தின்றுவிடும். இந்தியாவில் இதைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற முடியாது. இந்தக் குடும்பத்துச் சைக்ளோப்ஸ்தான் ஒரு காலத்தில் குடிநீர் வழியே நரம்புச் சிலந்தி நோயைப் பரப்பியது. அதை ஒழித்து 2000இல்தான் நாடு சான்றிதழ் பெற்றது.

அறந்தாங்கி, ஆவுடையார்கோயில் பக்கம் கதை நெல்வயலுக்கு மாறுகிறது. கல்லணைக் கால்வாயின் கடைமடை அது. வயலில் எப்போதும் தண்ணீர் நின்றால் கியூலக்ஸ் பெருகும். காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டினால், அதாவது வயலை இடையிடையே காயவிட்டால், புழு வளர்ந்து முடிவதற்குள் நீர் வற்றிவிடும். மதுரையில் இயங்கிய மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையம் தொண்ணூறுகளில் தமிழக வயல்களில் இதைச் சோதித்தது. வேப்பம் புண்ணாக்குப் பூசிய யூரியாவையும் இதோடு சேர்த்துப் பார்த்தது. கொசுப்புழு குறைந்தது, விளைச்சல் அடிபடவில்லை. ஆனால் நடைமுறையில் ஒரு முடிச்சு இருந்தது. ஒருவர் வயலைக் காயவிடும்போது மேட்டு வயலிலிருந்து நீர் கசிந்து வந்தால், பள்ளங்களில் நிற்கும் அந்தத் தண்ணீரே புழுவுக்குப் போதும். முறைவைத்து ஒரு மடைக்குட்பட்ட எல்லா வயலும் சேர்ந்து காய்ந்தால்தான் பலன். தண்ணீர் எட்டாமல் தவிக்கும் கடைமடை விவசாயிக்கு நீர் மிச்சமாவது தனி லாபம் என்பதால், மூளைக்காய்ச்சலைப் பேசாமலேகூட இதை அங்கே கொண்டுபோக முடியும்.

சாக்கடைக் கொசுவுக்குத் திருக்கோவிலூர் வட்டாரக் கிராமங்களில் நடந்த சோதனை ஒரு நல்ல பாடம். கழிவுநீர்க் குழிகளில் தெர்மாகோல் மணிகளை மிதக்கவிட்டார்கள். மணிப்படலத்தைத் துளைத்துப் புழுவால் மூச்சுவிட முடியாது, தாய்க்கொசுவாலும் முட்டையிட முடியாது. கிணறுகளில் மீன் விட்டார்கள். யானைக்கால் மாத்திரை மட்டும் கொடுத்த ஊர்களைவிட, மாத்திரையோடு இதையும் செய்த ஊர்களில் பலன் நீடித்தது. மழையில் நிரம்பி வழியும் திறந்த சாக்கடைக்கு மணிகள் உதவாது, பிளாஸ்டிக் குப்பைதான் பெருகும். நகரத்துச் செப்டிக் டேங்குகளுக்கோ அதுகூடத் தேவையில்லை. காற்றுப்போக்குக் குழாயின் வாயில் கையகல நைலான் வலையைக் கட்டிவிட்டால் வழி அடைபடுகிறது.

அடுத்த பெரிய நம்பிக்கை ஓல்பாக்கியா என்னும் பாக்டீரியா. பூச்சியினங்களில் ஏறக்குறைய பாதிக்கு இயல்பாகவே உடலில் இருப்பது. ஏடிஸ் எஜிப்தியில் இல்லை. அதை உள்ளே ஏற்றிவிட்டால் டெங்கு வைரஸ் அந்தக் கொசுவுக்குள் சரியாகப் பெருகுவதில்லை, தாய் வழியாக முட்டைக்கும் பாக்டீரியா போய்ச் சேருகிறது. ஓல்பாக்கியா உள்ள ஆண் கொசு, இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் முட்டை பொரிவதே இல்லை. 1967இல் பர்மாவின் ஒக்போ கிராமத்தில் ஜெர்மன் அறிஞர் லாவன், உள்ளூர்ப் பெண் கொசுவோடு சேர்ந்தால் முட்டை பொரியாத இனத்து ஆண் கியூலக்ஸ்களை விட்டு அந்த ஊர்க் கொசுவையே இல்லாமல் செய்தார். அதற்குக் காரணம் ஓல்பாக்கியா என்பது சில ஆண்டுகள் கழித்தே தெரிந்தது.

இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் பாக்டீரியா ஏற்றிய கொசுக்களை விட்ட பகுதிகளில் டெங்கு 77 சதவீதம் குறைந்ததாக 2021இல் முடிவு வெளியானது. சிங்கப்பூர் 2016 முதல் ஆண் கொசுக்களை மட்டும் விடுகிறது. ஆண் கொசு கடிக்காது. ஈசூன், தெம்பனிஸ் அடுக்குமாடிகளில் வாழும் தமிழர்களுக்கு இது பழகிப்போன காட்சி. புதுச்சேரி மையமும் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, உள்ளூர் ஏடிஸோடு கலந்து உருவாக்கிய இரண்டு ஓல்பாக்கியா இனங்களை 2022இல் அறிவித்தது. அவற்றை வெளியில் விட அரசின் அனுமதி வேண்டும். அதைவிட மக்களின் சம்மதம் வேண்டும். எழுபதுகளில் தில்லி வட்டாரத்தில் உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து நடந்த கொசு மரபியல் ஆய்வு, உயிரியல் போருக்கான சதி என்ற சந்தேகம் கிளம்பி 1975இல் நின்றுபோனது. தெருவில் கொசுவைக் கொண்டுவந்து விடுவதற்கு முன் அந்தத் தெருக்காரர்களிடம் உட்கார்ந்து பேசியாக வேண்டும்.

ஓல்பாக்கியா ஏறிய ஏடிஸ் வந்தாலும் சாக்கடைக் கியூலக்ஸும் வயல் கியூலக்ஸும் அப்படியேதான் இருக்கும். அதுவரைக்கும், அதற்குப் பிறகும், புதுக்கோட்டையின் டெங்குச் செலவில் குடிநீர் வாரியத்துக்கும் பங்கு இருக்க வேண்டும். குறித்த நேரத்தில் தினமும் தண்ணீர் வரும் தெருவில் யாரும் ஒரு வாரத்துக்குப் பிடித்து வைப்பதில்லை. அது முடியாத ஊர்களில், இறுக்கமாக மூடும் மூடியோடு ஒரு தொட்டியையும், தேய்க்க ஒரு பிரஷையும் ஊராட்சியே வீட்டுக்கு வீடு கொடுக்கலாம். ஐப்பசி பிறக்குமுன் கொடுத்தால் இந்த மழைக்கே பயன்படும்.