கடல்நீரேரியின் தூய்மையும் முள்ளந்தண்டிலி உயிர்களும்

யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்களின் வாழ்வு கிணற்றையும் கடலையும் இரு கண்களாகக் கொண்டது. கிணற்று நீர் உவரானால் அதனை அருந்துபவரின் நா உடனே அறிந்துவிடும். கடல்நீர் கெடுமாயின் அதனை அறிவது எங்ஙனம்? உவர்ப்பு அதன் இயல்பு. கலங்குதலும் அதற்குப் புதியதன்று. நிறத்தாலும் நாற்றத்தாலும் கேடு புலப்படும் வேளையில் அது பெரும்பாலும் முற்றிய நிலையை எய்தியிருக்கும். அதற்கு முன்னரே அதனை அறிவிக்கவல்ல சாட்சிகள் கடலின் அடித்தளத்தில் வாழ்கின்றன. புழு, மட்டி, ஊரி, சிப்பி, நண்டு, கடலட்டை முதலிய முள்ளந்தண்டிலி உயிர்களே அச்சாட்சிகள்.

நீரை முகந்து ஆய்வுகூடத்திற் சோதித்தால் போதாதோ என்னும் வினா எழலாம். இரசாயனச் சோதனை இன்றியமையாததே. ஆயினும் அது நீரை முகந்த வேளையின் நிலையை மட்டுமே கூறும். இரவில் வடிகால்வழி வந்த கழிவு விடியுமுன் கரைந்து பரந்துவிடின், காலையில் எடுத்த நீர் குற்றமற்றதாகவே தோன்றும். மீனோ கெட்ட நீரைவிட்டு விலகி நீந்திச் செல்லும். சேற்றிற் புதைந்த மட்டியும், கல்லில் ஒட்டிய சிப்பியும், வளையில் வாழும் புழுவும் அவ்வாறு அகல இயலாதவை. வந்ததையெல்லாம் அவை இருந்த இடத்திலேயே ஏற்றாக வேண்டும். ஆதலின் அவற்றின் நிலை ஒரு கணத்தின் செய்தியன்று. பல மாதங்களின் வரலாறாகும்.

இவ்வுயிர்கள் இருவகையாற் சான்று பகர்கின்றன. முதலாவது, எவ்வெவ்வினங்கள் எத்தொகையில் வாழ்கின்றன என்பதாகும். கழிவிலுள்ள சேதனப் பொருளை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது நீரிலும் சேற்றிலுமுள்ள ஒட்சிசன் குன்றுகின்றது. சேறு கறுத்து, அழுகிய முட்டையின் நாற்றமுடைய ஐதரசன் சல்பைட்டு தோன்றுகின்றது. அப்போது ஒட்சிசன் மிக வேண்டும் நுண்ணிய இறாலினங்களும் முட்தோலிகளும் முதலில் மறைகின்றன. விரைந்து பெருகும் சிறு புழுக்கள் அவற்றின் இடத்தைக் கைப்பற்றுகின்றன. கழிவு மிக்க இடத்திலிருந்து தூய இடம் வரையும் இம்மாற்றம் படிப்படியாக நிகழும் முறையைப் பியர்சன், றோசன்பேர்க் என்னும் ஆய்வாளர் 1978ஆம் ஆண்டிற் தொகுத்து விளக்கினர். கப்பிற்றெல்லா என்னும் புழு அத்தகைய இடங்களிற் பெருகுவதாற் பெயர் பெற்றது. அமெரிக்காவில் 1969இல் எண்ணெய் சிந்திய கரையொன்றில் இப்புழு பல்கியதை ஆராய்ந்தோர், ஓரினமெனக் கருதப்பட்ட அது உண்மையிற் பல இனங்களின் கூட்டமென்பதை 1976இல் வெளிப்படுத்தினர். உயிரினத்தைப் பிழையின்றி இனங்காணல் இத்துறையில் எத்துணை முதன்மையானது என்பதற்கு இஃதொரு சான்று.

இரண்டாவது வகைச் சான்று உயிரின் உடலினுள்ளே கிடைப்பது. சிப்பி தன் உணவைப் பெறும்பொருட்டு நீரை இடையறாது வடிக்கின்றது. வளர்ந்த சிப்பியொன்று, வாய்ப்பான நிலையில், ஒரு நாளில் நூறு லீற்றருக்கு மேற்பட்ட நீரை வடிக்கவல்லது. நீரில் அளவிடற்கரிய நுண்ணளவிலுள்ள ஈயம், செம்பு, இரசம் முதலியன அதன் தசையிற் செறிந்து அளவிடற்குரியனவாகின்றன. யப்பானிய மினமாற்றாக் குடாவில் ஆலைக் கழிவோடு கலந்த இரசம் மீனிலும் சிப்பியினத்திலும் செறிந்து, அவற்றை உண்ட கடற்றொழிலாளர் குடும்பங்களைப் பேரிடருக்கு உள்ளாக்கியது. அந்நோய் 1956ஆம் ஆண்டில் உலகிற்குத் தெரியவந்தது. அங்கே மனிதரின் உடலே நச்சிற்குச் சாட்சியாயிற்று. அந்நிலை நேருமுன் சிப்பியைச் சாட்சியாகக் கொள்ளல் வேண்டும் என்பதே இவ்வறிவுத்துறையின் நோக்கம். எட்வேட் கோல்ட்பேர்க் 1975இல் இத்தகைய உலகளாவிய கண்காணிப்பை முன்மொழிந்தார். அமெரிக்காவில் 1986 முதல் அது நிலையான அரசுத் திட்டமாக நடைபெற்று வருகின்றது.

நத்தையினம் தரும் சான்று இவற்றினும் வியப்புக்குரியது. படகின் அடிப்புறத்திற் பாசியும் சிப்பியும் ஒட்டாதிருக்கும்படி பூசப்பட்ட வெள்ளீயச் சேர்வை மைகளால், பெண் நத்தைகளில் ஆணுறுப்புத் தோன்றியது. இத்தோற்றம் 1970களின் தொடக்கத்திற் கண்டறியப்பட்டது. ஒரு லீற்றர் நீரில் ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்களவே கலந்திருப்பினும் சில இனங்களில் இக்கேடு நிகழும். பிரான்சு நாடு 1982இல் இம்மைகளைக் கட்டுப்படுத்தியது. 2001இல் நிறைவேறிய அனைத்துலக உடன்படிக்கை 2008இல் நடைமுறைக்கு வந்தது. சிறு நத்தையொன்றின் சாட்சியம் உலகக் கப்பற்றொழிலின் வழக்கத்தையே மாற்றியது எனலாம்.

இவையெல்லாம் குடாநாட்டிற்கு எவ்வாறு பொருந்தும் என்பது இனி நோக்கத்தக்கது. ஏறத்தாழ 400 சதுர கிலோமீற்றர் பரப்புடைய யாழ்ப்பாணக் கடல்நீரேரி ஆழங் குறைந்தது. பல இடங்களில் ஆள் நடந்தே தொழில் செய்யலாம். வற்றுப்பெருக்கின் உயரம் ஒரு மீற்றரினுங் குறைவு. தீவுகளை இணைக்கும் பண்ணை, பொன்னாலை முதலிய தாம்போதிகள் நீரோட்டத்தை மேலும் ஒடுக்குகின்றன. எனவே இங்கே வந்துசேர்ந்த கழிவு விரைவில் வெளியேறுவதில்லை. நகரின் வடிகால்கள் இதனையே சேர்கின்றன. நகரக் கழிவு குவிக்கப்பட்டு வந்த கல்லுண்டாய் வெளியும் இதன் கரையை அடுத்ததே. மண்ணின் கீழும் ஒரு வழியுண்டு. குடாநாட்டின் சுண்ணாம்புக்கற் படை வெடிப்பும் துவாரமும் மிக்கது. தோட்டங்களில் இடும் உரம் நைத்திரேற்றாகக் கிணற்றை அடைகின்றது. கீரிமலையில் நன்னீர் ஊற்றாகி, கடலோரத்திற் சுரப்பதைக் கண்டோர், நிலத்தடி நீர் கடலோடு கலக்கும் வழியை எளிதில் உணர்வர். கிணற்றைக் கெடுப்பது கடலையும் சென்றடையும்.

எனினும் சாட்சியின் கூற்றை ஆராயாது ஏற்றல் தவறாகும். குடாநாட்டில் ஆண்டுக்குப் பெய்யும் ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள காலத்திலேயே பொழிகின்றது. அப்போது நீரேரியின் உவர் குன்றும். கோடையிலோ பெருங்கடலினும் மிகும். இம்மாற்றத்தாலேயே பல உயிர்கள் மடிதலும் பிற தோன்றுதலும் இயற்கை. கடலட்டையும் சங்கும் ஓரிடத்தில் அருகினால், அது நீரின் கேட்டாலன்றி மிகையாக அள்ளியதாலும் நேர்ந்திருக்கலாம். ஆகவே ஓரினம் இல்லாமையை மட்டுங் கொண்டு தீர்ப்புக் கூறலாகாது. வடிகால் வாயிலிலும், அதனின்று வரவரத் தொலைவான இடங்களிலும், கழிவு சேராத ஒப்பீட்டு இடமொன்றிலும், மாரியும் கோடையுமாக ஒரே முறையில் ஆய்தல் வேண்டும்.

அம்முறை பெருஞ்செலவினதன்று. அளவறிந்த சதுரச் சட்டமொன்றைச் சேற்றின்மீது வைத்து, அதனுள் அடங்கிய மண்ணை ஒரே ஆழத்திற்குத் தோண்டி, அரை மில்லிமீற்றர்க் கண்ணுடைய அரிதட்டில் அலசினால் உயிர்கள் எஞ்சும். அவற்றை இனம் பிரித்து எண்ணுதலும், அவ்வேளையின் உவரையும் வெப்பத்தையும் ஒட்சிசனையும் குறித்தலுமே பணி. ஸ்பானிய நாட்டு ஆய்வாளர் 2000ஆம் ஆண்டில் வகுத்த குறியீடு, கேட்டைச் சற்றும் பொறாதன முதல் கேட்டில் தழைப்பன ஈறாக உயிர்களை ஐந்து கூட்டங்களாக்கி, அத்தொகையை ஓர் எண்ணாற் சுட்டுகின்றது. ஐரோப்பியக் கரைக்கு அமைந்த அப்பட்டியலை இந்நீரேரியின் இனங்களுக்கேற்பத் திருத்தியே கையாளல் வேண்டும்.

ஒப்பிடுதற்குப் பழைய பதிவும் தேவை. சச்சிதானந்தன், பெரேரா என்போர் 1970ஆம் ஆண்டில் இந்நீரேரியின் தரையமைப்பையும் அடித்தள இயல்பையும் ஆராய்ந்து வெளியிட்டனர். பின்னர் 1980களில் மூண்டு 2009 வரை நீடித்த போரினாற் கடற்றொழிலும் கடலாய்வும் பெரிதும் தடைப்பட்டன. 2021ஆம் ஆண்டு வைகாசியில் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னும் கப்பல் கொழும்புக்கு அப்பால் எரிந்து, பிளாத்திக்கு மணிகளும் இரசாயனங்களும் கடலிற் கலந்தன. அத்தகைய இடர் நேர்ந்தபின், இழந்தது இவ்வளவு என்று நிறுவ வேண்டுமாயின், முன்னிருந்தது இவ்வளவு என்னும் ஏடு கையில் இருத்தல் வேண்டும்.

நீலக்கால் நண்டும் இறாலும் இந்நீரேரியிலிருந்து தொலைதேசச் சந்தைகளுக்குச் செல்கின்றன. கரையோரங்களிற் கடலட்டைப் பண்ணைகளும் அண்மை ஆண்டுகளிற் பெருகியுள்ளன. குருநகர், பாசையூர், நாவாந்துறை முதலிய ஊர்களிற் பல குடும்பங்களின் அடுப்பெரிவது இவ்வுயிர்களாலேயே. நீரின் தூய்மைக்குச் சாட்சியாய் நிற்கும் உயிர்களே அம்மக்களின் உணவும் உழைப்பும் ஆகின்றன. எந்தச் சேற்றில் எந்த மட்டி வாழும் என்பதைத் தலைமுறையாய் அறிந்த அத்தொழிலாளரின் அறிவும், அரிதட்டும் ஏடும் ஏந்திய மாணவரின் முயற்சியும், பல்கலைக்கழகத்தின் இனங்காணும் புலமையும் ஒன்றுசேருமாயின், ஆண்டுதோறும் வளரும் பதிவொன்று உருவாகும். சாட்சிகள் பேசிக்கொண்டேயிருக்கின்றன. அவை பேச்சிழந்து மறையுமுன் அவற்றின் கூற்றைக் குறித்துவைத்தல் இத்தலைமுறையின் கடனாகும்.