சண்டைக்கார மீனுக்கு யார் துணை?

காலிப் தெருச் சந்தையில் வண்ண மீன் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

கொல்கத்தாவின் வடக்கே, பாக்பஜாரை ஒட்டிய காலிப் தெருவில் ஞாயிறு தோறும் சந்தை கூடுகிறது. பூச்செடிகள், பறவைகள், நாய்க்குட்டிகள் என்று விற்பனை அமர்க்களப்படும். அவற்றின் நடுவே வண்ண மீன் வியாபாரம் தனியாகக் களை கட்டும். தெற்கு 24 பர்கானா, ஹவுரா மாவட்டக் கிராமங்களில் வளர்த்த மீன்களும், வெளியூரிலிருந்து வந்த மீன்களும் அங்கே கிடைக்கின்றன. லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் தமிழர்கள் காளிகாட்டில் மெட்ரோ ரெயில் ஏறி, சியாம்பஜாரில் இறங்கினால் சந்தை பக்கம்தான்.

குழந்தைகளின் ஆசைக்காக ஆறு மீன் வாங்கிப் போகிறவர்கள் பலர். ஒரு வாரத்தில் இரண்டு மீன்தான் மிஞ்சும். ஒன்று வால் அறுந்து மூலையில் ஒதுங்கி நிற்கும். மற்றொன்று தொட்டி முழுவதும் தனக்கே பட்டா போட்டது போல வலம் வரும். "தண்ணீர் சரியில்லை", "நோய் மீனை விற்றுவிட்டான்" என்று வீட்டில் பேச்சு நடக்கும். பல வீடுகளில் உண்மைக் காரணம் வேறு. சேரக் கூடாத மீன்களை ஒரே தொட்டியில் சேர்த்ததுதான் அது.

வாய் அளவே சட்டம்

முதல் விதி மிக எளிது. ஒரு மீனின் வாய்க்குள் நுழையக்கூடிய மீன் எதுவும் அதற்குத் தோழன் அல்ல, தீனி.

அமேசான் ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த ஆஸ்கார் மீன் இதற்கு நல்ல உதாரணம். சந்தையில் இரண்டு அங்குலக் குஞ்சாக இருக்கும்போது பரம சாது போலத் தோன்றும். நல்ல தீனி கிடைத்தால் ஓராண்டில் பத்து அங்குலத்தை எட்டிவிடும். உடன் வாங்கிய கப்பி, மோலி எல்லாம் அதற்குள் அதன் வயிற்றுக்குள் போயிருக்கும்.

ஆஸ்காருக்குத் துணை வேண்டும் என்றால், அதன் வாயில் அடங்காத, ஆனால் அதனிடம் வம்புக்குப் போகாத மீனாகப் பார்க்க வேண்டும். தட்டையாக, வட்டமாக இருக்கும் சில்வர் டாலர் மீன் கூட்டம் அதற்குப் பொருத்தம். ஆனால் இவற்றுக்கு நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டியாவது தேவை. அதில் ஏறத்தாழ 250 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். தண்ணீர் மட்டுமே கால் டன் எடை! வாடகை அறையில், சாதாரண மேஜை மீது இதை வைக்க முடியாது. இரண்டடித் தொட்டி வைத்திருப்பவர்கள் ஆஸ்காரை மறந்துவிடுவதே நல்லது.

பாட்டிலில் தனிக்காட்டு ராஜா

ஃபைட்டர் எனப்படும் சண்டை மீனைத் தனித்தனி பாட்டிலில் வைத்து விற்பதைப் பார்க்கலாம். இதன் சொந்த ஊர் தாய்லாந்து. அந்த நாடு 2019-ல் இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது.

ஓர் உறையில் இரண்டு வாள் இருக்காது என்பது இந்த மீனுக்கு முற்றிலும் பொருந்தும். இரண்டு ஆண் மீன்களை ஒன்றாக விட்டால், சிறு தொட்டியில் தோற்ற மீன் தப்பி ஓட இடமில்லை. சண்டை உயிர்ச் சேதத்தில் முடியும்.

நீர்மட்டத்துக்கு வந்து காற்றைச் சுவாசிக்கும் தனி உறுப்பு இதற்கு உண்டு. வங்காளிகள் விரும்பி வாங்கும் கோய் மீன், அதாவது நம் ஊர் பனையேறிக் கெண்டை, பாத்திரத்தில் கொஞ்சத் தண்ணீரிலேயே உயிர் பிழைத்திருப்பதும் இத்தகைய உறுப்பால்தான். அதற்காகப் பாட்டிலே ஃபைட்டரின் வீடு ஆகிவிடாது. சுமார் இருபது லிட்டர் தொட்டியாவது இருந்தால் அது சுகமாக இருக்கும்.

அந்தத் தொட்டியில் யாரைச் சேர்க்கலாம்? பெரிய வாலும் பளீர் நிறமும் கொண்ட கப்பியைச் சேர்க்கக் கூடாது. ஃபைட்டர் அதைப் போட்டியாளனாக நினைத்துப் பாயும். வங்காளக் குளங்களில் கிடைக்கும் கோல்ஷே, கௌராமி மீன்கள் அதற்குப் பங்காளி முறை, அவையும் கூடாது. நம் அயிரையைப் போலத் தரையோடு ஊரும் குஹ்லி லோச், மங்கிய நிறமுள்ள சிறு மீன்கள், நத்தை ஆகியவை பொருந்தும். தொட்டி சிறிதாக இருந்தால் தனியே விடுவதே மேல்.

வால் கடிக்கும் கூட்டம்

சுமத்ரா, போர்னியோ தீவுகளைச் சேர்ந்த டைகர் பார்ப் அளவில் சிறியது. சேட்டையில் பெரியது. ஏஞ்சல் போல மெதுவாக நீந்தும் மீன்களின் நீண்ட துடுப்புகளைக் கடித்துக் குதறிவிடும். இரண்டு மூன்று மட்டும் வாங்குவது பெரிய தவறு. எட்டுப் பத்தாக விட்டால் அவை தங்களுக்குள்ளேயே துரத்தி விளையாடும். மற்றவற்றின் பக்கம் அதிகம் போகாது.

ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்த சிக்லிட் மீன்களிலும் இதே கணக்கு உண்டு. கற்களை அடுக்கி, நிறைய பொந்துகள் அமைத்து, பல மீன்களை ஒன்றாக விடுவார்கள். அடி ஒன்றுக்கே விழாமல் பலவற்றுக்கும் பங்கிடப்படுகிறது. கூட்டம் அதிகம் என்பதால் வடிகட்டும் கருவி வலுவானதாக இருக்க வேண்டும். இவற்றுக்குக் காரத்தன்மையுள்ள கடின நீர் தேவை. அமேசான் பகுதி மீன்களுக்கு மென்மையான நீர் பிடிக்கும். ஆகவே இரண்டையும் கலப்பது சரியல்ல.

அண்டை வீட்டுச் சண்டை

1973-ல் நோபல் பரிசு பெற்ற ஆஸ்திரிய விஞ்ஞானி கோன்ராட் லோரன்ஸ் மீன்களின் சண்டையை நுணுக்கமாகக் கவனித்தவர். பவழப்பாறை மீன்கள் வேற்றின மீனை விடத் தன் இன மீனையே கடுமையாகத் தாக்குவதை அவர் கண்டார். ஒரே உணவு, ஒரே இடம் என்று போட்டிக்கு வருவது தன் இனம்தானே!

இன்னொரு வேடிக்கையையும் அவர் எழுதியிருக்கிறார். சிக்லிட் ஜோடிகள் இரண்டைத் தொட்டியின் நடுவே கண்ணாடித் தடுப்பு வைத்துப் பிரித்திருந்தார்கள். ஆண்கள் இரண்டும் கண்ணாடி வழியே ஒன்றையொன்று மிரட்டிக்கொண்டிருந்தவரை இரு குடும்பங்களிலும் அமைதி நிலவியது. கண்ணாடியில் பாசி படிந்து அண்டை வீட்டான் தெரியாமல் போனதும், ஆண் மீன் தன் மனைவி மீதே கோபத்தைக் காட்டத் தொடங்கியது. பாசியைத் துடைத்ததும் பழையபடி குடும்பத்தில் சமாதானம்!

தனிமையே பொருத்தம்

எந்தத் துணையும் ஒத்துவராத மீன்களும் உண்டு. நெற்றி புடைத்த பிளவர்ஹார்ன் 1990-களில் மலேசியாவில் கலப்பினமாக உருவாக்கப்பட்டது. அதிர்ஷ்டம் தரும் என்று நம்பிப் பலர் வாங்குகிறார்கள். அதோடு வேறு மீனை விட்டால் அந்த மீனுக்கு அதிர்ஷ்டம் இல்லை. வங்காள நீர்நிலைகளில் கிடைக்கும் டேபா என்ற ஊதல் மீனும் அப்படியே. அழகாக உடம்பை ஊதிக் காட்டும். மற்ற மீன்களின் துடுப்பையும் கடித்துத் துண்டாக்கும்.

புதிய மீனைச் சேர்ப்பதற்கும் முறை இருக்கிறது. பழைய மீனுக்கு முதலில் தீனி போட வேண்டும். தொட்டியில் உள்ள கற்களையும் செடிகளையும் இடம் மாற்றி வைத்தால், அது பிடித்து வைத்திருந்த எல்லை கலைந்துவிடும். பிறகு விளக்கை அணைத்துவிட்டுப் புதியதை விடலாம். சில நாள் கண்ணாடித் தடுப்பு வைத்துப் பழக்குவது இன்னும் நல்லது. அப்படியும் துரத்தல் ஓயவில்லை என்றால் பிரித்துவிட வேண்டியதுதான்.

குளத்தில் விடலாமா?

ஆஸ்காருடன் இருக்கட்டும், தொட்டியையும் சுத்தம் செய்யும் என்று சொல்லி சக்கர் மீனை விற்பது வழக்கம். உடம்பெங்கும் கவசத் தகடு இருப்பதால் சண்டைக்கார மீன்களிடமும் அது பிழைத்துக்கொள்ளும். ஆனால் ஓர் அடிக்கு மேல் வளர்ந்து தொட்டியை அடைத்துக்கொள்ளும். அப்போது, 'பாவம், பிழைத்துப் போகட்டும்' என்று பக்கத்துக் குளத்தில் விட்டுவிடுகிறார்கள். பாவம் பார்த்து விடுவது பிறர் வயிற்றில் அடிப்பதாக முடிகிறது.

நகரின் கிழக்கே சுமார் 12,500 ஹெக்டேரில் பரந்துள்ள சதுப்பு நிலம் 2002-ல் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. நகரின் கழிவுநீரைக் கொண்டே ரோகு, கட்லா வளர்க்கும் பேரிகள் அங்கே இருக்கின்றன. தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்தச் சக்கர் இனம் அங்கேயும் புகுந்துவிட்டது. வளர்ப்பு மீன்களின் இரையைத் தின்கிறது. கரைகளில் வளை தோண்டுகிறது. அதன் முட்கள் வலையைக் கிழிக்கின்றன. வலையில் சிக்கினாலும் வாங்க ஆள் இல்லை. நஷ்டம், அந்த மீனைத் தொட்டியில் வைத்து அழகு பார்க்காத மீனவருக்கு!

வேண்டாத மீனை விற்றவரிடமே திருப்பிக் கொடுக்கலாம். பெரிய தொட்டி உள்ளவருக்குத் தரலாம். குளம், ஏரி, கங்கை எதிலும் விடக் கூடாது.

பணம் கொடுக்கும் முன் வியாபாரியிடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். இது எவ்வளவு பெரிதாகும்? தன் இனத்தோடு சேருமா? வீட்டில் இருக்கும் மீன்களோடு ஒத்துப்போகுமா? "ஏட்டா கொதோ பொடோ ஹொபே?" என்று முதல் கேள்வியை வங்காளியிலேயே கேட்டுவிடலாம். பதில் திருப்தியாக இல்லையென்றால் அவசரம் வேண்டாம். அடுத்த ஞாயிறும் சந்தை கூடத்தான் போகிறது.